வழுவும் நயமும்: எண்வழிக் கட்டுப்பாட்டுத் துருவுபொறியின் பின்னூட்டல் பற்றிச் சில குறிப்புகள்

தானியங்கிமயமாக்கம் பற்றிச் சமூக விஞ்ஞானிகளும் இலக்கிய விமர்சகரும் நிறையவே எழுதியுள்ளனர். தொழிலாளியின் கைத்திறன் பொறிக்குக் கைமாறுகின்றது என்னும் கூற்று, 1974 இல் ஹரி பிறேவமனின் ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ வெளிவந்ததன் பின்னர் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. ஆயின் கைமாறும் அப்பொருள் யாது, அது எவ்வடிவிற் பொறியினுள் சென்று அமர்கின்றது, அமர்ந்தபின் அதனைத் திருத்தும் உரிமை யாரிடம் உள்ளது ஆகிய வினாக்களை இவ்வாய்பாட்டை எடுத்தாள்வோர் அதிகம் எழுப்புவதில்லை. விடை காண்பதற்குப் பெருந்தொழிற்சாலைக்குள் நுழைய வேண்டுவதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்வலர் பலர் தம் வீட்டுப் பட்டறைகளில் வைத்து இயக்கும் சிறிய துருவுபொறி, அதாவது மில்லிங் மெசின், போதுமானது.

பொறியின் அமைப்பு எளியது. உலோகத் துண்டு ஒரு மேசைமீது இறுக்கப்பட்டிருக்கும். மேசையை இடம்வலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்த இரு திருகுதண்டுகள். சுழலும் வெட்டுகருவியை ஏற்றி இறக்க மூன்றாவதொன்று. முன்னர் இத்தண்டுகளின் முனையிலே கைச்சில்லுகள் இருந்தன. இப்பொழுது அவ்விடத்தில் மோட்டார்கள் உள்ளன. கணனி அவற்றை இயக்குகின்றது. மலிவான பொறிகளிற் பெரும்பாலானவை ஸ்டெப்பர் மோட்டாரைப் பயன்படுத்துவன. இத்தனை படி நகர் எனக் கட்டளை போகும். நகர்ந்ததா என எவரும் கேட்பதில்லை. சுமை மிகுந்து மோட்டார் சில படிகளைத் தவறவிட்டால், கணனி அதனை அறியாது தொடர்ந்து வெட்டிக்கொண்டே செல்லும். சேர்வோ மோட்டாரோ தன் அச்சில் ஒரு என்கோடரைச் சுமந்து நிற்கின்றது. அச்சு எவ்வளவு திரும்பியது என்பதை அது கணனிக்குத் திருப்பிச் சொல்லும். சொல்லப்பட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, அதற்கேற்ப அடுத்த கட்டளையை அமைப்பதே பின்னூட்டற் கட்டுப்பாடு.

இவ்வேறுபாட்டை எமது தமிழ்மூல விஞ்ஞானக் கல்வி ‘வழு’ என்றும், வழுவைப் பெருக்கிக் கட்டளையாக்கும் எண்ணை ‘நயம்’ என்றும் வழங்கும். இலக்கணத்தில் வழுவும் வழுவமைதியும் பயின்றோருக்கும், செய்யுளில் நயம் கண்டோருக்கும் இச்சொற்கள் வேறொரு திசையிலிருந்து பரிச்சயமானவை. கலைச்சொல்லாக்கக்காரர் நகைச்சுவைக்காக இவற்றைத் தெரிந்தனர் என்று கொள்ள ஆதாரமில்லை. எனினும் வழுவை முற்றாக நீக்க இயலாது, எவ்வளவு வழுவை அமைத்துக்கொள்வது என்பதே கேள்வி என்னும் நிலை இரு துறைக்கும் பொதுவாயிருத்தல் கருதத்தக்கது.

கட்டுப்பாட்டின் மூன்று உறுப்புகளையும் தெளிவாக வகுத்துரைத்தவர் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்ற நிக்கொலஸ் மினோர்ஸ்கி. 1922 இல் அவர் வெளியிட்ட கட்டுரை கப்பல்களைத் தானாகச் செலுத்துவது பற்றியது. நல்ல சுக்கான்காரன் கப்பல் திசை தப்பியிருக்கும் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவாகத் தப்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் உணர்கிறான். காற்றோ நீரோட்டமோ விடாது ஒரு பக்கம் தள்ளினால், அதனை ஈடுசெய்யச் சுக்கானைச் சற்றே திருப்பி வைத்துக்கொள்கிறான். வழு, வழுவின் வகையீடு, வழுவின் தொகையீடு என்று மினோர்ஸ்கி எழுதியது இச்சுக்கான்காரனின் பழக்கத்தையே. 1923 இல் ‘நியூ மெக்சிக்கோ’ என்ற போர்க்கப்பலில் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. கடற்படையினர் அதனை விரும்பி ஏற்கவில்லை. தம் தொழிலே சமன்பாடாக எழுதப்பட்டிருந்ததை அவர்கள் எவ்வாறு விரும்பியிருப்பர்?

துருவுபொறிக்கு மீள்வோம். என்கோடர் ஒரு சுற்றுக்கு 500 கோடுகள் உடையது எனக் கொள்வோம். ஒவ்வொரு கோடும் நான்கு எண்ணிக்கைகளைத் தருமாதலால் சுற்றுக்கு 2000 எண்ணிக்கை. திருகுதண்டு ஒரு சுற்றில் மேசையை 5 மில்லிமீற்றர் நகர்த்துமாயின் ஓர் எண்ணிக்கை 0.0025 மில்லிமீற்றருக்குச் சமம். கணனி இதனை வழக்கமாகச் செக்கனுக்கு 1000 தடவை வாசிக்கின்றது.

முதலில் விகிதசம நயம். மோட்டாரின் வலுப்பெருக்கி வேகத்தைக் கட்டளையாக ஏற்பது எனில், வழுவை நயத்தாற் பெருக்க வருவது வேகக் கட்டளை. நயம் 50 என்க. மேசை நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மில்லிமீற்றர் வேகத்திற் செல்ல வேண்டுமாயின், அக்கட்டளையைப் பிறப்பிக்க 0.4 மில்லிமீற்றர் வழு இருந்தே ஆகவேண்டும். வழு இல்லையேல் கட்டளை இல்லை. கட்டளை இல்லையேல் இயக்கம் இல்லை. எனவே விகிதசம உறுப்பு மாத்திரம் உள்ள பொறி எப்பொழுதும் சொல்லுக்குப் பின்தங்கியே நடக்கும். நயத்தைக் கூட்டினால் பின்தங்கல் குறையும். ஆனால் ஓர் எல்லைக்கு அப்பால் மேசை இலக்கைத் தாண்டி ஓடி, திரும்பி, மீண்டுந் தாண்டி அலைவுறத் தொடங்கும். வலுப்பெருக்கி வேகத்துக்குப் பதிலாக முறுக்கத்தைக் கட்டளையாக ஏற்பதாயின் நிலைமை இன்னும் கடினம். அங்கே விகிதசம உறுப்பு ஒரு வில்லைப் போன்றது, மேசை அவ்வில்லின் நுனியிற் கட்டிய திணிவு. தணிப்பதற்கு ஒன்றில்லாவிடின் ஆடிக்கொண்டே இருக்கும்.

தணிப்பது வகையீட்டு உறுப்பு. வழு மாறும் வீதத்தைப் பார்த்து அது முன்கூட்டியே பிடித்திழுக்கும். ஆயின் இதற்கும் விலை உண்டு. என்கோடர் வழவழப்பாகச் சொல்வதில்லை. எண்ணிக்கை எண்ணிக்கையாகவே சொல்கிறது. ஆயிரத்திலொரு செக்கனில் ஓர் எண்ணிக்கை மாறினால், கணனிக்கு அது செக்கனுக்கு 2.5 மில்லிமீற்றர் வேகம் போலத் தோன்றும். மேசை உண்மையில் ஊர்ந்துகொண்டிருக்கலாம். வகையீட்டு நயம் அதிகமாயின் இப்பொய்வேகம் பெருக்கப்பட்டு, மோட்டார் கரகரவென்று முறையிடும். அவ்வோசையைக் காதாற் கேட்டே பலர் நயத்தைக் குறைக்கின்றனர். கணனித் திரையில் வரைபடம் இருந்தும் காதுக்கு ஓய்வில்லை.

தொகையீட்டு உறுப்பு பொறுமையானது. கெடுதியும் பொறுமையாகவே செய்வது. சிறு வழு நீடித்து நின்றால் அதனைக் கூட்டிக் கூட்டி, ஈற்றில் மேசையை நகர்த்துமளவுக்குக் கட்டளையை வளர்க்கும். ஆனால் நிலையுராய்வு இயக்கவுராய்வினும் பெரியது. தடுக்கப்பட்டு நின்ற மேசை திடீரெனப் பிடிவிட்டு இலக்கைக் கடந்து அப்பால் நிற்கும். தொகையீடு எதிர்த்திசையிற் சேர்க்கத் தொடங்கும். சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு துள்ளல். ஓய்ந்திருக்க வேண்டிய மேசை இவ்வாறு முடிவின்றி வேட்டையாடும். தொகையீட்டை இறுதியில், மிகக் குறைவாகச் சேர்க்க வேண்டும் என்று அனுபவமுடையோர் வற்புறுத்துவதன் காரணம் இது.

உராய்வு இங்கே பகைபோலத் தோன்றினும் வரலாறு வேறொன்றுஞ் சொல்கின்றது. 1788 அளவில் ஜேம்ஸ் வாற்று தம் நீராவி எந்திரத்திற் பொருத்திய குண்டு ஆளுகருவி தொடக்கத்தில் நன்றாகவே இயங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலோக வேலை செம்மையடைந்து உராய்வு குறைந்தபோது, அதே கருவி அலைவுறத் தொடங்கியது. வேலைப்பாடு மேம்பட்டதே குழப்பத்துக்குக் காரணமாயிற்று. மக்ஸ்வெல் 1868 இல் இதனைக் கணிதமாக ஆராய்ந்தார். ரஷ்யரான விஷ்னெகிராட்ஸ்கி 1876 இல், போதிய தணிப்பின்றி இக்கருவி நிலைபெறாது என்று நிறுவினார். (இவரே பின்னர் 1892 வரை சார் மன்னனின் நிதியமைச்சராயிருந்து, தானிய ஏற்றுமதியை முடுக்கிவிட்டவர். 1891 இன் பெரும்பஞ்சம் வந்தபோது அக்கொள்கைக்குத் தணிப்பு எதுவும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.)

பின்தங்கலை நீக்க இன்றைய ஆர்வலர் பெரிதும் நம்புவது முன்னூட்டலை. கணனி தானே பாதையை வகுத்ததாதலின், அடுத்த கணம் எவ்வேகம் வேண்டும் என்பது அதற்குத் தெரியும். வழு தோன்றும்வரை காத்திராது, அவ்வேகத்தை நேரே கட்டளையுடன் கூட்டிவிடலாம். மேற்கூறிய 0.4 மில்லிமீற்றர் இதனால் ஏறத்தாழ மறைந்துவிடும். பின்னூட்டலுக்கு எஞ்சுவது முன்கூட்டி அறியமுடியாத வேலை: வெட்டுவிசையின் ஏற்றத்தாழ்வு, உராய்வு, திருகின் சிறு குறைகள்.

நடைமுறையில் ஒழுங்கு ஏறத்தாழ இவ்வாறு அமையும். முதலில் மோட்டாரைத் திருகுதண்டிலிருந்து கழற்றி, அவசர நிறுத்தி வேலை செய்கிறதா எனப் பார்த்து, என்கோடர் எண்ணும் திசை கட்டளையின் திசையோடு ஒத்துளதா எனச் சோதிக்க வேண்டும். குறி மாறியிருந்தால் வழுவைக் குறைக்க வேண்டிய கட்டளை அதனைப் பெருக்கும்; மேசை முழு வேகத்தில் முனைவரை ஓடி மோதும். அப்பால் விகிதசம நயத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அலைவு தொடங்குமிடம் கண்டு, நன்கு பின்வாங்க வேண்டும், வேண்டுமளவு வகையீடு, அதன்பின் முன்னூட்டல், கடைசியாகத் துளி தொகையீடு. ஸீக்லரும் நிக்கல்ஸும் 1942 இல் தந்த புகழ்பெற்ற விதியை இங்கு அப்படியே கைக்கொள்ளல் ஆகாது. அலைவுறும் எல்லை நயத்தின் 0.6 பங்கை எடு, அலைவுக்காலத்தின் பாதியைத் தொகையீட்டு நேரமாகவும் எட்டிலொன்றை வகையீட்டு நேரமாகவும் கொள் என்பது அவ்விதி. இரசாயனத் தொட்டியின் வெப்பநிலை இலக்கைச் சற்றுத் தாண்டித் திரும்பினால் நட்டம் பெரிதன்று. வெட்டுகருவி இலக்கைத் தாண்டினால் போன உலோகம் திரும்பி வராது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. என்கோடர் மோட்டாரின் அச்சில் இருக்கின்றது, மேசையில் அன்று. திருகுக்கும் சுரைக்கும் இடையிலுள்ள தளர்வை அது காணாது. திரையில் வழு சுழியமென்று நிற்க, வெட்டப்பட்ட துண்டு பிழையாக இருக்கலாம். அளக்கப்படாதது கட்டுப்பாட்டுக்கு இல்லாததே. திட்டமிடலிலும் நிர்வாகத்திலும் பின்னூட்டல் என்ற சொல்லைத் தாராளமாக வழங்குவோர் இவ்வுண்மையை அறிதல் நன்று.

இந்தப் பொறிகளின் பிறப்பு அமெரிக்க விமானப்படையின் தேவையோடு பிணைந்தது. ஹெலிகொப்டர் இறக்கைகள் செய்த மிச்சிகன் மாநிலத்து ஜோன் பார்சன்ஸின் எண்ணத்திலிருந்து தொடங்கி, 1949 இல் விமானப்படை ஒப்பந்தம் கிடைத்து, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் சேர்வோப் பொறிநுட்ப ஆய்வுகூடத்தில் 1952 இல் முதலாவது எண்வழித் துருவுபொறி காட்சிக்கு வந்தது. போர்க்காலத்திற் பீரங்கிகளைக் குறிபார்க்கச் செய்த ஆய்வுகூடம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஜெனரல் இலெக்ற்றிக் கம்பனி வேறொரு வழியைப் பரீட்சித்திருந்தது: தேர்ந்த தொழிலாளி முதற்றுண்டை வெட்டுவார், அவருடைய கையசைவு காந்த நாடாவிற் பதியும், பின்னர் பொறி அதனையே மீட்டும். டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட ‘உற்பத்திச் சக்திகள்’ என்னும் நூலில், இரண்டாவது வழி கைவிடப்பட்டமைக்கு நிர்வாகம் பட்டறையின் அறிவைக் காரியாலயத்துக்கு நகர்த்த விரும்பியமை ஒரு முக்கிய காரணம் என வாதிட்டார். வாதம் வலுவானதே. எனினும் எந்தக் கையும் முதலில் வெட்டிக்காட்ட இயலாத விமான வளைபரப்புகளும் இருந்தன என்பதை ஒதுக்கிவிட்டு இதனை ஏற்பது பொருந்தாது. அக்கம்பனியில் விளம்பரத்துறை ஊழியராயிருந்த கேர்ட் வொனகற் 1952 இல் எழுதிய ‘பிளேயர் பியானோ’ நாவலிலே, நாடாவில் தன் கையசைவு பதிவுசெய்யப்பட்ட கடைசற்காரர் ஒருவர் பாத்திரமாக வருகின்றார். விமர்சகர் அந்நாவலை எதிர்காலக் கற்பனை என்பர். பாதி அன்றைய பட்டறைச் செய்தியே.

நாடாவில் ஏறியது பாதை மாத்திரமே. அப்பாதையை மேசை எவ்வாறு பின்பற்றும் என்பது நயங்களில் அடங்கியிருந்தது. அவை பூட்டிய பெட்டிக்குள், விற்பனைக் கம்பனியின் பொறியியலாளர் மாத்திரம் திறக்கத்தக்கனவாய் நெடுங்காலம் இருந்தன. பொறியின் முன் நின்ற தொழிலாளி கரகரப்பைக் கேட்டார். அதனை மாற்றும் எண் அவரிடம் இருக்கவில்லை. இன்றைய வீட்டுப் பட்டறையில் இவ்விடம் வேறுபடுகின்றது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவகம் 1990களில் பொதுமக்கள் பணத்தில் உருவாக்கிப் பொதுவில் விட்ட செய்நிரலொன்று, ஆர்வலர் கைகளில் வளர்ந்து இன்று லினக்ஸ்சிஎன்சி எனப் பெயர்பெற்றுள்ளது. அதில் நயங்கள் யாவும் சாதாரண எழுத்துக் கோப்பொன்றில் வரிவரியாக உள்ளன. கேட்பவரும் மாற்றுபவரும் ஒருவரே. ஆனால் அவர் அப்பொறியை நம்பிக் கூலி பெறுபவரல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூலிக்கு உழைப்போரின் பட்டறைகளிற் கடவுச்சொல் இன்னும் பெரும்பாலும் வேறொருவரிடமே இருக்கின்றது.

சரிசெய்த பொறியைச் சோதிக்க ஒரு வட்டம் வெட்டிப் பார்ப்பது வழக்கம். முன்னூட்டலை நீக்கிவிட்டு, செக்கனுக்கு 20 மில்லிமீற்றர் வேகத்தில் 10 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டமொன்றை வெட்டுக. இரு அச்சுக்களின் நயமும் 50 ஆயின் வட்டம் வட்டமாகவே இருக்கும். ஆரை மட்டும் ஏறத்தாழ 0.008 மில்லிமீற்றர் குறையும். ஓர் அச்சின் நயம் 50, மற்றையதின் நயம் 40 எனின், மூலைவிட்டத் திசையொன்றில் விட்டம் 20.1, மற்றையதில் 19.9 மில்லிமீற்றராய் வட்டம் சாய்ந்த நீள்வளையமாகிவிடும். அச்சுக்கள் திசைதிரும்பும் நான்கு இடங்களிலும் நகத்தால் வருடினால் சிறு தடிப்புத் தட்டுப்படின், அது உராய்வின் அல்லது தளர்வின் அடையாளம். அதற்கு எண்களை மாற்றுமுன் எண்ணெய்க் குப்பியையும் சாவியையும் எடுக்க வேண்டும்.