மாரடைப்பில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு: சந்தேகங்களும் விளக்கங்களும்

வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் துறைமுகச் சுமைப்பணி, கன்டெய்னர் லாரி, ஆலை ஷிஃப்ட், மீன்பிடித் தொழில் என உடலை வருத்தும் வேலைகளே அதிகம். வெயிலும் புகையும் அதோடு சேர்கின்றன. இந்தச் சுமையை இதயச் செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா எதுவரை தாங்கும், அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் இதில் எங்கே வருகிறது என்பது குறித்த விளக்கம்:

மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன?

செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்பு. கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜன் உதவியுடன் எரித்து, ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிப்பது அதன் முதன்மை வேலை. இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். இதயத்துக்கு வேண்டிய ஏ.டி.பி.யில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்தே வருகிறது. கையிருப்பு மிகக் குறைவு என்பதால், உற்பத்தி நின்றால் சில நொடிகளுக்குத்தான் தாங்கும்.

வெயிலிலும் கடும் உழைப்பிலும் இதயத்தை அது எப்படிக் காக்கிறது?

உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் வெயிலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அப்போது செல்லில் கூடும் கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து ஆற்றல் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. உற்பத்தியின்போது வெளிப்படும் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்வதும், பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றிப் புதியதை உருவாக்குவதும் செல்லுக்குள்ளேயே நடக்கின்றன. வயது, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவை இந்தத் திறனைக் குறைக்கின்றன.

நாள் முழுவதும் சுமை தூக்குபவருக்கு அந்த உழைப்பே உடற்பயிற்சி ஆகாதா?

ஆகாது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வுநேர உடற்பயிற்சி இதய நோய் அபாயத்தைக் குறைத்தது. வேலையிடத்தின் கடும் உழைப்போ அபாயத்தைக் கூட்டியது. இடைவேளை இல்லாத நீண்ட நேர உழைப்பில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க அவகாசம் கிடைப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் ஓய்வும் சலுகைகள் அல்ல, இதயப் பாதுகாப்பின் பகுதி.

புகையும் தூசியும் நுரையீரலைத்தானே பாதிக்கும்?

2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று உடலெங்கும் அழற்சியைத் தூண்டுகின்றன. ஆய்வகச் சோதனைகளில் இவை மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாட்டையும் குலைத்துள்ளன. இந்தியத் தரநிலைப்படி இத்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் நிர்ணயித்த அளவு 5 மைக்ரோகிராம் மட்டுமே.

மாரடைப்பின்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது?

ரத்தக்குழாய் அடைபட்டு ஆக்சிஜன் நின்றதும் ஏ.டி.பி. உற்பத்தி சரிகிறது. முழு அடைப்பு நீடித்தால் ஏறத்தாழ 20 முதல் 40 நிமிடங்களில் தசைச் செல்கள் மீளமுடியாதபடி இறக்கத் தொடங்கும். அடுத்த சில மணி நேரத்தில் பாதிப்பு பரவும். ரத்த ஓட்டம் திரும்பும் கணத்திலும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளைகள் திறந்து ஓரளவு சேதம் ஏற்படுவதுண்டு. ஆனால் அடைப்பை நீக்காமல் விடுவதால் வரும் சேதம் அதைவிடப் பன்மடங்கு.

‘மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலு’ என்று விற்கப்படும் மாத்திரைகள் பலன் தருமா?

மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் அந்தத் துளைகள் திறப்பதைத் தடுக்கக்கூடிய சைக்ளோஸ்போரின் மருந்து, மாரடைப்பு வந்த 970 பேரிடம் சோதிக்கப்பட்டுப் பலனளிக்கவில்லை என 2015-இல் தெரியவந்தது. கோஎன்சைம் க்யூ10 சில இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு உதவலாம் என ஒரு சிறிய ஆய்வு கூறினாலும், அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு இவற்றை வாங்குவது ஆபத்து.

‘இதயம் காப்போம்’ திட்டத்தில் யாருக்கு என்ன கிடைக்கும்?

2023 ஜூனில் தொடங்கிய இத்திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் வருவோருக்கு 14 மாத்திரைகள் ஒரே வேளையில் இலவசமாகத் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் ரத்தக்கட்டி பெரிதாவதைத் தடுப்பவை. இது முதலுதவி மட்டுமே. அடைப்பை நீக்கப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும்.

இவற்றை வீட்டில் வாங்கி வைத்துத் தாமாகவே சாப்பிடலாமா?

கூடாது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, மூளையில் ரத்தப்போக்கு உள்ளோருக்கு இவை உயிராபத்தை உண்டாக்கும் என்பதால், மருத்துவப் பணியாளர் பரிசோதித்த பிறகே தரப்பட வேண்டும்.

எவ்வளவு நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

மார்பில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத்திணறல் தெரிந்த உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் பொன்னான நேரம் போகிறது. நீரிழிவு உள்ளோருக்கு வலியே இல்லாமலும் வரலாம். முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலாதெனில், அறிகுறி தோன்றி 12 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது வழிமுறை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களும் இரவில் இயங்குவதில்லை என்பதால், அந்நேரத்தில் இதயப் பிரிவு உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு நேரே செல்வது நல்லது.

ஆஞ்சியோபிளாஸ்டிக்கு எவ்வளவு செலவாகும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம். விவரங்களுக்கு 104 என்ற எண்ணில் கேட்கலாம்.