சொட்டு எங்கே போகிறது?
கண்ணுக்கு எட்டாத சிங்கப்பூர் – 14

கண்மருந்துப் புட்டியைக் கவிழ்த்து அமுக்கினால் விழும் ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். நம் கண்ணில் எப்போதும் நிற்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர்தான். இமை விளிம்புவரை நிரப்பினாலும் 30க்கு மேல் அங்கே இடமில்லை. அதனால் விட்டதில் ஒரு பங்கு கன்னத்தில் வழிகிறது. இன்னொரு பங்கு மூக்கோரத்துச் சிறு துளை வழியே தொண்டைக்கு இறங்கி வாய் கசக்கிறது. மிச்சத்தை இமைகள் சிமிட்டிச் சிமிட்டித் துடைத்துவிடுகின்றன. கருவிழியைக் கடந்து உள்ளே போவது நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை.

சிங்கப்பூர் கண் ஆய்வுக் கழகம் 2007 முதல் 2009 வரை நாற்பது வயது தாண்டிய 3,400 இந்தியர்களின் கண்களைச் சோதித்ததைப் போன வாரம் பார்த்தோம். அங்கே தேடிய நோய்களில் ஒன்றான கண்ணழுத்த நோய் வந்தவருக்குச் சொட்டு மருந்து ஆயுள் முழுக்கத் துணை. மருந்தின் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கூட்டினால் தொண்டைக்குப் போகும் பங்கும் சேர்ந்தே கூடும். டிமோலால் போன்ற மருந்து அந்த வழியாக இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுக்கும். எனவே வீரியத்தை விட்டுவிட்டு, துளியைக் கொஞ்ச நேரம் கண்ணிலேயே ஒட்டி நிற்க வைக்கப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஒட்ட ஓர் இடம் உண்டு. கண்ணின் மேற்பரப்பை மியூசின் என்ற வழவழப்பான பொருள் போர்த்தியிருக்கிறது. அதற்கு எதிர் மின்சுமை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்கு நேர் மின்சுமை. மருந்தோடு கைட்டோசானைச் சேர்த்தால் இரண்டும் பற்றிக்கொள்ளும். வேறொரு வழி, கண்ணீரிலுள்ள உப்பு பட்டதும் இறுகிவிடும் ஜெல்லான் பசை. நோன்பு மாதத்தில் கேலாங் சிராய் கடைகளில் விற்கும் கடல்பாசி போலத் துளி அங்கேயே உறைந்து நிற்கும். நாளைக்கு இருமுறை விட்ட டிமோலாலை ஒருமுறையாகக் குறைத்தது இந்தப் பசைதான்.

சரி, ஒட்டியது என்று எப்படித் தெரியும்? இதை முறையாகக் கழுவிப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜெனீவாவின் ரங்கா ராவும் பூரியும். 1989இல் அவர்கள் பசை பூசிய சின்னஞ்சிறு மணிகளை எலியின் குடலில் பரப்பி, மேலே திரவத்தை ஓடவிட்டு, கழுவிய பிறகும் எத்தனை மணி மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். இன்று மணிகளின் இடத்தில் ஒளிரும் சாயம். கண்ணழுத்தம் பார்க்க டான் டோக் செங்குக்கோ தேசிய கண் நிலையத்துக்கோ போனவர்களுக்கு அது பழக்கமானதே. மஞ்சளாக ஏதோ விட்டு, நீல விளக்கைக் கண்ணருகே கொண்டுவருவார்களே, அந்த ஃபுளோரசீன்தான். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும்.

ஆய்வகத்தில் இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த பன்றிக் கண்ணின் படலத்தைச் சரிவாக வைத்து, உடற்சூட்டில் நிறுத்தி, சாயமேற்றிய மருந்தை விடுகிறார்கள். மேலிருந்து செயற்கைக் கண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட இடைவெளிகளில் நுண்ணோக்கியில் படம். படத்துக்குப் படம் பச்சை எவ்வளவு மங்குகிறது என்று கணினி கணக்கெடுக்கும். பாதியை அடித்துச்செல்ல எத்தனை மில்லிலிட்டர் திரவம் வேண்டியிருந்தது என்று ஒரே எண்ணில் சொல்லும் வழக்கத்தைப் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்தார்கள். 'நீண்ட நேரம் நிற்கும்' என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதைவிட அந்த எண்ணை அச்சடித்தால் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் படம் ஏமாற்றவும் செய்யும். திசுவுக்கே கொஞ்சம் சொந்த ஒளி உண்டு. மருந்து விடுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து அதைக் கழிக்க வேண்டும். நீல ஒளியில் திரும்பத் திரும்பக் காட்டினால் சாயம் தானாகவே வெளுக்கும். மருந்து போகாமலே போனதுபோல் தெரியும். இதையெல்லாம்விடப் பெரிய சங்கடம், சாயத்தை வெறுமனே கலந்துவிட்டால் நாம் பின்தொடர்வது சாயத்தைத்தான், மருந்தையல்ல. சாயத்தைப் பசையின் மூலக்கூறோடு வேதிப்பிணைப்பால் கட்டினால்தான் பசை நின்றது என்று சொல்லலாம். அப்போதும் மருந்து அதோடு நின்றதா என்பது தனிக் கேள்வி.

நம் ஊர்க்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று வேறு பக்கம் போனார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுப்பு வெங்கட்ராமனும் கண் ஆய்வுக் கழகத்தின் டினா வோங்கும் தங்கள் குழுவினரோடு, லட்டானோபிராஸ்ட் மருந்தைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து, கண்ணின் வெண்பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தினார்கள். ஒரே ஊசியில் மூன்று மாதம் அழுத்தம் குறைந்திருந்ததாக 2014இல் அறிவித்தார்கள். ஆறே ஆறு நோயாளிகளிடம் செய்த சோதனை அது. கெட்டிக்காரத்தனமான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணில் ஊசி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதுவரை புட்டிதான். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு மூன்று நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். தொண்டைக்குப் போகும் வழி அடைபடும். இரண்டு துளியாக விடுவதில் பயனில்லை, இரண்டாவதுக்கு உள்ளே இடமே கிடையாது. இரண்டு வகை மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது விடுங்கள். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். அதில் ஒன்று ஜெல் வகை என்றால், மற்றதை விட்டுப் பத்து நிமிடம் கழித்து, அதைக் கடைசியாக.

(தொடரும்)