விழாத் தீயும் வெடித் தீயும்

குறிஞ்சி நிலத்துக்கு உரிய தெய்வம் முருகப்பெருமான். பழனியில் தண்டாயுதபாணியாகவும், பூம்பாறையில் குழந்தை வேலப்பராகவும், கொடைக்கானலில் 1936-இல் எழுந்த திருக்கோயிலில் குறிஞ்சி ஆண்டவராகவும் அப்பெருமான் இம்மலைத்தொடரின் அடியிலும் முடியிலும் எழுந்தருளியுள்ளான். விழா நாள் நெருங்குங்கால், 'வாணவெடிக்குக் கட்டுப்பாடு விதிப்பது வழிபாட்டுக்கு இடையூறு அன்றோ?' என்று அன்பர் சிலர் மனம் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தைப் புறந்தள்ளாமல், பொருளை நிதானமாக ஆராய்தல் நம் கடமையாகும்.

முதற்கண், வெடி வழிபாட்டின் உறுப்புத்தானா என்று காண்போம். திருஞானசம்பந்தப் பெருமான் மயிலாப்பூரில் அருளிய பூம்பாவைப் பதிகம் ஓணம், கார்த்திகை, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் முதலிய விழாக்களை வரிசையாக எடுத்தோதுகின்றது. அங்கே விளக்கீடு உண்டு, வெடி இல்லை. ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டில் வெடிமருந்தே இல்லை. அது பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. ஆகவே, வெடி விழாவுக்குப் பின்னாளில் பூட்டிய அணியே அன்றி உறுப்பு அன்று. அணியைக் கழற்றி வைப்பதால் உடலுக்குக் குறைவு வாராது.

இனி வெடியின் தன்மையை அறிவோம். பொட்டிலுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. விறகு எரியக் காற்று வேண்டும். இம்மருந்துக்கோ வேண்டிய பிராணவாயுவை அதிலுள்ள உப்பே தருகின்றது. ஆதலின் மூடி வைத்தாலும் அது தணியாது. இறுக அடைத்து வைத்தால் இன்னும் கொடிதாக வெடிக்கும். குவித்து வைத்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் பேரழிவு நேர்வதற்கு இதுவே காரணம்.

கேரளத்தில் பரவூர்ப் புற்றிங்கல் தேவி கோயிலில் 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியற்காலையில் நேர்ந்தது அதுவே. மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் போட்டி வாணவெடி நடந்தது. பொறி ஒன்று வெடிக்கிடங்கில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாள்களில் கேரள உயர்நீதிமன்றம், வழிபாட்டிடங்களில் கதிரவன் மறைந்தது முதல் உதிக்கும் வரை பேரொலி வெடிகளுக்குத் தடை விதித்தது. அதன் பின்னும், 2024 அக்டோபர் 28-ஆம் நாள் இரவு நீலேசுவரத்துக் கோயில் விழாவில் சேமித்து வைத்த வெடியில் பொறி பட்டு, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், சிலர் உயிரிழந்தனர். இவ்வாறு துன்புற்றவர்கள் தெய்வத்தைக் காண வந்த அடியார்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

'தீபாவளிக்கு இசைவு தருவோர் நம் விழாவுக்கு மட்டும் ஏன் தயங்குகின்றனர்?' என்று வினவுவோர் உளர். விடை பருவத்தில் இருக்கின்றது. தீபாவளி ஐப்பசி அடைமழைக் காலத்தது. பங்குனி உத்திரமோ புல் காய்ந்து சருகு குவிந்திருக்கும் காலத்தது. மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும்; கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே நிற்கும் புல்லை முன்னதாகவே உலர்த்தி விடுகின்றது. அண்டையிலுள்ள தேனி மாவட்டக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் நாள் மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அத்தீக்கு வெடி காரணம் அன்று. ஆயினும் அப்பருவத்தில் மலைத்தீ எத்துணை விரைந்து பரவும் என்பதற்கு அது சான்று. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வளர்வதும் அத்தகைய புல்வெளிகளிலேதான்.

தீபாவளிக்கும் வரம்பு இல்லாமல் இல்லை. 2018-இல் உச்சநீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகச் சுருக்கியது, சரவெடியை விலக்கியது. தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் என வகுத்தது. மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடம் ஆகியவற்றின் அருகே வெடித்தலைத் தவிர்க்குமாறும் அரசு அறிவுறுத்துகின்றது.

மறுப்புரைப்போர் கூறும் இரண்டு செய்திகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிவகாசிப் பகுதியில் பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் உண்கின்றன என்பது மெய். எனினும் நாம் வேண்டுவது வெடியே கூடாது என்பதன்று. காய்ந்த காட்டருகே கூடாது, கூட்டத்தின் நடுவே கூடாது என்பதே. மலையூர் உழவர் காட்டுமாட்டையும் பன்றியையும் விரட்ட வெடி போடுவதும் உண்மைதான். ஆனால் அதே ஓசை விழா இரவில் வெருண்ட விலங்கை மக்கள் திரளுக்குள் ஓட்டிவிடக்கூடும் அன்றோ?

வீட்டில் வெடிப்போர் கைக்கொள்ள வேண்டியவை சில. திறந்த வெளியில், நீண்ட பத்தியால், முகத்தை விலக்கிப் பற்ற வைக்க வேண்டும். அருகில் வாளி நீரும் மணலும் இருத்தல் வேண்டும். வெடிக்காததைக் கையில் எடுத்தல், மீண்டும் கொளுத்துதல் கூடா. நெடுநேரம் கழித்து நீர் ஊற்றி நனைக்க வேண்டும். கம்பி மத்தாப்பு ஆயிரம் பாகை வெப்பத்தையும் கடந்து எரிவது. அணைந்த கம்பியும் சுடும். ஆதலின் அதனை நீரில் இடுக. குழந்தையிடம் தனியே கொடாதீர்கள். எஞ்சிய வெடிகளை வெடிக்கும் இடத்துக்கு அப்பால் வையுங்கள். காட்டோரத்தில் வாணம் விடாதீர்கள். தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த நீர் ஓடவிடுங்கள். மையோ மாவோ பூசாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காது உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கட்டுப்பாடு பிறர் விதிக்கத்தான் வரவேண்டும் என்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சி அகலும் என்று தாமே வெடியைத் துறந்தவர்கள். தீபாவளி அவர்களுக்குக் குறைந்துவிடவில்லை. பறவைக்கு அவர்கள் காட்டும் இரக்கத்தை, உடன் நின்று தொழும் அடியார்க்கு நாம் காட்டலாகாதா?

கார்த்திகையில் அகல் ஏற்றுகின்றோம், சொக்கப்பனை கொளுத்துகின்றோம். அத்தீயை எல்லை வகுத்து, காவல் நின்று வளர்க்கின்றோம். காவலுள்ள தீயே வழிபாட்டுக்கு உரியது. இம்முறையைக் கைக்கொண்டு, விழாவுக்கு வந்தோர் அனைவரும் நலமே வீடு திரும்ப முருகன் திருவருளை வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்.