நுரை பொங்கினால் போதுமா?

"துணி துவைக்கிறதுக்குக்கூட ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் சிரிக்கலாம். போன புரட்டாசி வரைக்கும் நானும் சிரித்திருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறவள். எனக்குச் சோப்புப் பவுடரைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பை உடைத்தவன் இரண்டே மாதக் குழந்தை, என் பேரன்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய கிராமம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "போட்டுத் தூக்கி எறியற டயாப்பர் ராத்திரிக்கும் வெளியூருக்கும் மட்டும் போதும்மா, மத்த நேரமெல்லாம் துணிதான்" என்று வரும்போதே சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம். அவள் வாங்கி வந்திருந்தது இந்தக் காலத்துத் துணி டயாப்பர். வெளியே ஈரம் கசியாத உறை, உள்ளே செருகிக்கொள்ளப் பருத்தித் திண்டு. துவைக்க வீட்டில் மெஷின் இருக்கிறது. போன தீபாவளிக்கு மகன் வாங்கிக் கொடுத்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. டயாப்பர் ஒரே தடவையில் ஒழுகும். திண்டு வெயிலில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். குழந்தை ஒரு தடவை நனைத்தாலே மூக்கைத் துளைக்கிற நெடி. ஒரு நாள் பார்த்தால் பிள்ளையின் தொடை இடுக்கு முழுவதும் சிவந்து கிடக்கிறது. ராத்திரியெல்லாம் அழுகை.

"இந்த ரப்பர் உறையைத் தூக்கிப் போடு. உன்னையெல்லாம் தாத்தாவோட பழைய வேட்டியிலதான் வளர்த்தோம்" என்றேன்.

"உறை சரியாத்தாம்மா இருக்கு. நீ துவைக்கறதுதான் சரியில்லையோ என்னவோ" என்றாள் மகள்.

சுருக்கென்று தைத்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாத கண் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு நாள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் தஞ்சாவூரில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். களிம்பு எழுதிக் கொடுத்தார். ஈரம் பட்டதும் மாற்றுங்கள், தினம் கொஞ்ச நேரம் துணியே கட்டாமல் காற்றாட விடுங்கள் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, "துணியை எதில் துவைக்கறீங்க? நல்லா அலசறீங்களா?" என்று கேட்டார். "மெஷின்தான் அலசுதே டாக்டர்" என்றேன்.

பவுடர் போடாமலே நுரை!

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு காரியம் செய்தாள். துவைத்துக் காய்ந்த திண்டின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். சேப்ப இலையில் விட்டதுபோல் அது உருண்டு ஓடியது! உறிஞ்ச வேண்டிய துணி உறிஞ்சவில்லை. அப்புறம் திண்டுகளையெல்லாம் மெஷினில் போட்டு, ஒரு துளி பவுடர்கூடப் போடாமல், வெந்நீரில் ஓட விட்டாள். பத்து நிமிஷத்தில் கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை.

"பவுடரே போடலையே, நுரை எங்கேர்ந்தும்மா வந்தது?"

நான் பதில் சொல்லவில்லை. எல்லாம் நான் நாள்தோறும் அள்ளிப் போட்ட பவுடர். பிள்ளை அதன் மேல்தான் படுத்துக் கிடந்திருக்கிறான்.

நான் செய்தது என்ன தெரியுமா? கறை போகப் பார் சோப்பைத் தேய்ப்பேன். அப்புறம் கையால் துவைக்கிற பவுடரில் இரண்டு கை. "பிள்ளை துணியாச்சே" என்று மேலே இன்னொரு கை. கடைசியில் வாசனைக்கு மெதுவாக்கும் திரவம் ஒரு மூடி. ஒன்றல்ல, மூன்று தப்பு!

மெஷினுக்கு நுரை ஆகாது

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது நம் மனசில் ஊறிப்போன எண்ணம். உண்மையில் அழுக்கை எடுப்பது தண்ணீரில் கரைந்த மருந்து. நுரை கூட வருகிற வேடிக்கை, அவ்வளவுதான்.

முன்பக்கம் திறக்கும் மெஷின், துணியைத் தண்ணீரில் மூழ்கடித்துச் சுற்றுவதில்லை. கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு, துணியை மேலே தூக்கித் தொப்பென்று கீழே போடுகிறது. படித்துறைக் கல்லில் அடிக்கிற மாதிரிதான். நுரை மெத்தைபோல நிறைந்துவிட்டால் அந்த அடி விழாது, அழுக்கும் போகாது. அலசும் தண்ணீரும் குறைவு என்பதால் நுரையும் முழுசாகப் போகாது. சாதாரணப் புடவையில் மிச்சம் ஒட்டியிருந்தால் நமக்குத் தெரியாது. நாலைந்து மடிப்புத் திண்டுக்குள் தங்கிவிட்டால், பிள்ளை நனைக்கும்போது அது கரைந்து தோலில் படும்.

தண்ணீரையும் பாருங்கள்

"உங்கம்மா பார் சோப்பில்தானே துவைத்தாள், நீ நன்றாக வளரவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். அம்மா 501 பார் சோப்பைத்தான் தேய்த்தாள். ஆனால் எதில் அலசினாள்? மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் படித்துறையில், ஓடுகிற தண்ணீரில். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அலசுவாள். இன்று என் மெஷினுக்கு வருவது போர் தண்ணீர்.

மண்ணுக்கடியில் வெகுகாலம் கிடக்கும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து ஏறிவிடுகின்றன. இதைத்தான் கடின நீர் என்கிறோம். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணயம். கடின நீரில் சோப்பு கரையாது. திரிந்து, பிசுக்காகத் துணியில் படியும். அந்தப் பிசுக்குதான் ஈரத்தைத் தள்ளுகிறது. சோடா உப்பு மிகுந்த பவுடரைப் போட்டாலோ, சுண்ணாம்பு துணியிலேயே படிந்து அப்பளமாக விறைக்கும். உவர்மண்ணில் ஊற வைத்து வெள்ளாவி வைத்தார்களே, அதில் அழுக்கை எடுத்ததும் இதே சோடா உப்புதான். நல்ல தண்ணீரில், நன்றாக அலசினால் அது நண்பன்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்ப்பது சுலபம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, பார் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று, அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். நுரை வராமல் பால் திரிந்தாற்போல் கலங்கினால் கடின நீர். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையும் இப்படியே பாருங்கள். அது தேவலை என்றால், கடைசி அலசலுக்காவது அதைப் பயன்படுத்தலாம்.

கடின நீர்த் தொல்லை உலகம் முழுக்க உண்டு. அதற்காகத்தான் சோப்பு அல்லாத செயற்கைப் பவுடர்கள் வந்தன. அமெரிக்காவில் 1946-இல் டைட் வந்தது. நம் நாட்டில் 1959-இல் சர்ஃப், 1969-இல் நிர்மா. இப்போது மெஷினுக்கென்றே நுரை குறைந்த பவுடர்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. வீட்டில் மெஷின் இருந்தும் பழைய பவுடரையே வாங்கிக்கொண்டிருந்தது என் அசட்டை.

எதை வாங்குவது?

விளம்பரத்தைப் பார்க்காமல் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

'முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு' என்று போட்டிருக்க வேண்டும். மேல்பக்கம் திறப்பதற்கு வேறு, இதற்கு வேறு.

'என்சைம்' இருந்தால் நல்லது. மலம், பால் கறைகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கரைப்பது அதுதான். புதிதாக வந்ததும் இல்லை. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் 1913-லேயே சலவைக்கு இதைப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வாசனை குறைந்தது நல்லது. வாசனை சுத்தத்துக்கு அடையாளம் இல்லை. சில குழந்தைகளின் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

மெதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது துணியின் மேல் மெழுகுபோலப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

பூந்திக்கொட்டை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பட்டுப்புடவைக்கு அது அருமை. பிள்ளை துணியின் அழுக்குக்கு அதன் பலம் போதாது.

துவைக்கும் முறை

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, துணியை அங்கேயே அலசிவிடுங்கள். வாய்க்காலில் அலசுவது வேண்டாம். அந்தத் தண்ணீர் கீழே இன்னொரு வீட்டுப் படித்துறைக்குத்தான் போகிறது.

மெஷினில் முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. முதலிலேயே சுடுதண்ணீர் பட்டால் சில கறைகள் இறுகிவிடும். பிறகு பவுடர் போட்டு, உறையில் குறித்திருக்கிற சூட்டில் (40 அல்லது 60 டிகிரி) முழுச் சலவை. கை அளவு கூடாது. பாக்கெட்டில் சொன்ன அளவு. கடின நீர் என்றால் அதற்குச் சொல்லியிருக்கிற கூடுதல் அளவு. பயந்துகொண்டு குறைத்துப் போடுவதும் தப்புதான். அழுக்கு தங்கி நெடி வரும். மெஷினைத் திணிக்காதீர்கள், துணி புரண்டு விழ இடம் வேண்டும். கடைசியில் 'கூடுதல் அலசல்' பொத்தானைக் கட்டாயம் அழுத்துங்கள். கண்ணாடியில் நுரை தெரிந்தால் இன்னொரு அலசு.

காய வைக்க வெயில்தான் ராஜா. ஐப்பசி அடைமழையில் மின்விசிறியின் கீழே போட்டாலும் சரி, உள் மடிப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே கட்டுங்கள்.

மூன்று நாளில் ஆறாத சிவப்பு, சுற்றிலும் பொட்டுப் பொட்டாகப் பரவுகிற புள்ளிகள், கொப்புளம், காய்ச்சல் இருந்தால் பவுடர் ஆராய்ச்சி வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

எங்கள் வீட்டுத் திண்டுகளை, பவுடர் இல்லாமல் மூன்று தடவை வெந்நீரில் ஓட்டிய பிறகுதான் நுரை நின்றது. அதன்பின் சரியான பவுடரில் இரண்டு சலவை. மறுபடியும் மகள் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். சொட்டென்று உள்ளே போயிற்று. டாக்டர் கொடுத்த களிம்பும் சேர்ந்து, அந்த வாரத்திலேயே பிள்ளையின் சிவப்பு வாடியது.

அன்று ராத்திரி அவன் அயர்ந்து தூங்கினான். மகளும் தூங்கினாள். காலையில் மெஷின் பக்கத்தில் நின்று, அளவு மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மருந்து அளக்கற மாதிரி அளக்கறே?" என்றாள் மகள், பின்னாலிருந்து.

"மருந்துதாண்டி" என்றேன்.