விட்டுப்போன ஓர் எண்

ராமானுஜன் என்றதும் 1729தான் நமக்கு ஞாபகத்துக்கு வருகிறது. டாக்சி எண்ணைப் பற்றி ஹார்டி ஏதோ சொல்ல, நோய்ப் படுக்கையிலிருந்து பளிச்சென்று வந்த பதில். நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்ன கதையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டிலும் உழைப்பு என்கிற சமாச்சாரமே கிடையாது. மேதைமை குறித்து நாம் கட்டிவைத்திருக்கும் தொன்மத்துக்கு இது ரொம்ப வசதி. அத்தொன்மத்தைக் குலைக்கிற எண் ஒன்று உண்டு: 293318625600.

வாலாஜாபேட்டைக் கடைத்தெருவில் எலுமிச்சம்பழத்தைக் கூறு கட்டி விற்பவரிடமிருந்து தொடங்கலாம். 12 பழத்தை மிச்சமில்லாமல் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு விதமாகக் கூறு போடலாம். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும்விடக் கூடுதல் வகுஎண்கள் கொண்டதை 'மிகுபகு எண்' எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று வரிசை போகிறது. 100 இதில் சேராது. அதற்கு ஒன்பதுதான், 60க்கோ பன்னிரண்டு.

1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை இவ்வெண்களைப் பற்றியது. இவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால் 2இல் தொடங்கி இடையில் எதுவும் விடுபடாது. அடுக்குகள் இறங்கலாம், ஏறாது. 4, 36 நீங்கலாகக் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1தான் என்று நிறுவினார். ஆனால் இந்த இலக்கணம் வெறும் சல்லடை. 30 அதில் தங்கும், ஆனாலும் தேறாது: அதன் எட்டு வகுஎண்களை 24 முன்பே எட்டிவிட்டது. ஆக, ஒவ்வொன்றாகக் கணக்கு போட்டு ஒப்பிட்டுத்தான் கொள்ளவோ தள்ளவோ வேண்டும். அப்படி 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலிட்டார்.

அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று: பெருக்கினால் 293318625600. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2, வகுஎண்கள் 5040. அதற்கு முந்திய 240940299600க்கு 4800தான். எனவே இது இருந்தே ஆகவேண்டிய எண். வேடிக்கை என்னவென்றால், இதை அடுத்த பகா எண்ணான 23ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் கடைசி எண்ணேதான்.

தெய்வம் சொல்லிக்கொடுத்த பட்டியலாயின் ஓட்டை விழ நியாயமில்லை. கையால் போட்ட கணக்கில்தான் விழும். இக்கட்டுரைக்கே இன்னொரு பொருளாதாரப் பக்கமும் உண்டு: யுத்தகாலத்தில் கழகத்திடம் பணமில்லை என்பதால் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, 1997இல்தான் குறிப்புரைகளோடு இதழில் வந்தது. 1729கூடத் திடீரென்று உதித்ததல்ல. அதன் இரு கனங்களின் கூட்டல் அவருடைய நோட்டுப்புத்தகத்தில் முன்பே இருந்தது. பிள்ளைகளுக்குக் கனவுக் கதை சொல்லும்போது இந்த நோட்டுப்புத்தகத்தையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. கணக்கு வராதது தலையெழுத்து என்று நம்பும் பிள்ளைக்கு, ராமானுஜனும் ஒன்றை விட்டுவிட்டார் என்கிற தகவல் சின்ன விஷயமல்ல.