பதிவேடுகள் காட்டும் பரம்பரை
(ஸ்காட்லாந்துக் குடும்ப வரலாற்று ஆய்வு – ஓர் அறிமுகம்)

அரசர்தம் வரலாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெற்றது. உழுது உண்டவனின் வரலாறும், நெசவு நெய்தவனின் வரலாறும் எங்கே எழுதப்பெற்றன? இவ்வினாவிற்கு ஸ்காட்லாந்து தந்துள்ள விடை நம் கருத்தை ஈர்ப்பதாகும். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 54 இலட்சம் மக்களே வாழும் சிறிய நாடு அது. எனினும், அங்கு நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் மறைந்த ஒரு கூலித் தொழிலாளியின் தாய் யார், அத்தாய் பிறந்த குடும்பத்தின் பெயர் யாது என்பனவற்றை அவன் வழித்தோன்றல் இன்று கண்டறிய இயலும். அதற்குத் துணைநிற்கும் பொதுப் பதிவேடுகளின் இயல்பையும், அவற்றைப் பயன்கொள்ளும் நெறியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேடுவோர் யாவர்?

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் வடபுல மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைகளை விரிவாக்கும் பொருட்டு, வழிவழியாக வாழ்ந்த குடியானவர்கள் தம் நிலங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். வறுமையும் வேலை தேடும் வேட்கையும் மேலும் பலரைக் கடல் கடக்கச் செய்தன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும் அன்னாரின் வழியினர்க்கு மூதாதையரின் வீடும் இல்லை, நிலமும் இல்லை. ஏட்டில் எஞ்சிய ஒரு வரியே பிறந்த மண்ணோடு அவர்களைப் பிணைக்கும் நூலிழையாக உள்ளது.

திருச்சபைப் பதிவேடுகள்

1855ஆம் ஆண்டிற்கு முன் பதிவுப் பணியை ஸ்காட்லாந்துத் திருச்சபையே மேற்கொண்டது. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமண ஓலை, அடக்கம் ஆகியன ஏட்டில் எழுதப்பெற்றன. இவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயர் பகுதியைச் சார்ந்த எரல் என்னும் பங்கின் ஏடு. அது 1553ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

ஆயினும் இவ்வேடுகள் முழுமையானவை அல்ல. பல பங்குகளில் பதிவுகள் காலந்தாழ்ந்தே தொடங்கின. சில ஏடுகள் அழிந்தன. 1783ஆம் ஆண்டில் ஒவ்வொரு பதிவிற்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டதால், ஏழையர் பதிவு செய்யாது விட்டதும் உண்டு. 1794இல் அவ்வரி நீக்கப்பட்டது. 1843இல் திருச்சபை பிளவுபட்டபோது பிரிந்து சென்றோரின் பதிவுகள் வேறு ஏடுகளில் இடம்பெற்றன. எனவே, ஏட்டில் பெயரில்லை என்பதால் அம்மனிதர் அவ்வூரில் வாழவில்லை என முடிவு கட்டுதல் பொருந்தாது.

1855 – ஒரு திருப்புமுனை

1854ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1855 சனவரி முதல் நாள் தொட்டுப் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகிய மூன்றையும் அரசிடம் பதிதல் கட்டாயமாயிற்று. இங்கிலாந்தில் இம்முறை 1837இலேயே வந்துவிட்டது. பின்தொடங்கினும் ஸ்காட்லாந்தின் பதிவே செறிவில் விஞ்சி நிற்கிறது. அங்கு இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை, தாய் இருவர் பெயரும் உண்டு. திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் நால்வரும் இடம்பெறுவர். தாயின் பெயரோடு அவர் பிறந்த குடும்பப் பெயரும் குறிக்கப்பெறும். மணம் புரிந்ததும் பெண்ணின் பழைய பெயர் மறைந்துபோகாமல் நின்றதே இப்பதிவுகளின் தனிச் சிறப்பு எனலாம்.

முதலாண்டாகிய 1855இன் பதிவுகள் இன்னும் விரிவானவை. பெற்றோரின் வயது, பிறந்த ஊர் முதலியனவும் அவற்றில் கேட்கப்பட்டன. பதிவாளர்க்குச் சுமை மிகுந்தமையால் மறு ஆண்டே இவற்றுட் பல கைவிடப்பட்டன. தம் முன்னோருள் ஒருவர் 1855இல் பதிவு பெற்றிருப்பின் அதனைப் பெரும் பேறாகவே ஆய்வாளர் கருதுவர்.

மக்கள் கணக்கெடுப்பு

1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பெற்ற கணக்கேடுகள் குடும்பத்தைக் கூட்டமாகக் காட்டுவன. 1841இல் பதினைந்து வயதிற்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. 1851 முதல் உரிய வயதும், குடும்பத் தலைவரோடு உள்ள உறவும், பிறந்த பங்கும் குறிக்கப்பெற்றன. தனிமனிதர் மறைவுகளைக் காக்கும் பொருட்டு இவ்வேடுகள் நூறாண்டுகள் மூடிவைக்கப்பெறும். 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல் திறக்கப்பெற்றது.

தேடும் நெறி

அறிந்ததினின்று அறியாததற்குச் செல்வதே இவ்வாய்வின் அடிப்படை விதி. முதற்கண் வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒருவர் 1870இல் எழுபது வயதில் இறந்தார் எனக் கொள்வோம். அவரது இறப்புப் பதிவு பெற்றோரின் பெயரைத் தரும். 1851ஆம் ஆண்டுக் கணக்கேடு அவர் பிறந்த பங்கைக் காட்டும். அப்பங்கின் பழைய ஏட்டில் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளைப் புரட்டினால், அதே பெற்றோர்க்குப் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானப் பதிவைக் காண வாய்ப்புண்டு. மூன்று ஏடுகளும் ஒத்துச் சொல்வதே சான்றாகும். இறப்புச் செய்தியை அறிவித்தவர் அண்டை வீட்டாராயின் பெற்றோர் பெயரில் பிழை நேர்ந்திருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் எடின்பரோ நகரில் காத்து வருகிறது. அதன் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்னும் இணையதளத்தின் வாயிலாக உலகின் எப்பகுதியிலிருந்தும் அவற்றைத் தேடிக் காணலாம்.

பெயரும் பெருமையும்

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் இடும் வழக்கம் அங்குப் பரவலாக இருந்தது. பெயரனுக்குப் பாட்டன் பெயரிடும் நமக்கு இது வியப்பன்று. இவ்வழக்கம் தேடுவோர்க்குக் குறிப்பாக உதவுமேயன்றிச் சான்றாகாது. ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பலர் வாழ்ந்தமைக்கும் இதுவே ஒரு காரணம். அவ்வாறே, குலத்தலைவனின் பெயரைத் தாங்கியோர் அனைவரும் அவன் குருதி வழியினர் அல்லர். அவன் நிலத்தில் வாழ்ந்தோரும் பாதுகாப்பு நாடியோரும் அப்பெயரை ஏற்றனர். பெருமையைத் தேடிச் செல்வோர் பலர் இறுதியில் கண்டடைவது ஓர் எளிய உழவனை. அவ்வுழவன் தலைகுனியத்தக்கவன் அல்லன்.

பதிவேட்டில் தந்தை பெயர் இல்லாத குழந்தைகளும் உண்டு. மணமாகாத் தாயின் குழந்தைக்குத் தந்தையானவர், தாமும் உடன்வந்து கையொப்பமிட்டாலன்றி அவர் பெயர் பதியப்படவில்லை. இத்தகையோரின் வழியினர் திருச்சபை மூப்பர் மன்றக் குறிப்புகளை நாடுவர். அப்பெண்களை அழைத்து மன்றத்தார் வினவிய செய்திகள் அவற்றில் உள்ளன. ஒரு தாயின் துயரம் எழுதப்பட்ட அப்பக்கங்களைக் கனிந்த உள்ளத்தோடு படித்தல் வேண்டும்.

சென்னையின் தொடர்பு

கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் ஸ்காட்லாந்தினர் பலர் நம் மண்ணிற்கு வந்தனர். கிளாஸ்கோவில் 1761இல் பிறந்து, சென்னை ஆளுநராயிருந்து, 1827இல் மறைந்த தாமஸ் மன்றோவை யாவரும் அறிவர். எழும்பூரில் 1821இல் திறக்கப்பெற்ற புனித அந்திரேயர் ஆலயமும் அன்னாருக்காக எழுந்ததே. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த அவர்தம் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அவ்வேடுகளில் நெஞ்சை உறுத்தும் ஒன்றும் உண்டு. அலுவலர்க்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளின் பதிவுகளில் தந்தையின் பெயர் இருக்கும். தாயின் பெயரோ பல இடங்களில் எழுதப்படவே இல்லை. கூலித் தொழிலாளியின் தாய்க்கும் அவள் பிறந்த குடும்பப் பெயரை 1855 முதல் எழுதி வைத்தது ஸ்காட்லாந்து. அந்நாட்டினரின் குழந்தைகளை இம்மண்ணில் ஈன்ற பெண்களுள் பலர் பெயரற்றுப் போயினர்.

பெயர் எழுதப்படாதவரைப் பின்வருவோர் தேடியும் காணார். ஆதலின் மாணவச் செல்வங்கள் தம் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, பாட்டனார் பெயரோடு பாட்டியார் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் கேட்டு இன்றே எழுதி வைத்தல் நலம் பயக்கும்.