நகரமும் நடமாட்டமும் – 9: ஓட்ட ஆள் எங்கே?

சைக்கிள் பாதை போடலாம் என்று பேச்செடுத்தால் அதிகாரிகள் முதலில் கேட்பது, "ஓட்ட ஆள் எங்கே?" என்பதைத்தான். தெற்கு ஸ்பெயினின் செவில்யா நகரில் அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றியிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் அங்கு நடந்த பயணங்களில் சைக்கிளின் பங்கு அரை சதவீதம் அளவில்தான் இருந்தது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஓட்டுபவர்களின் தலையை எண்ணித்தான் முடிவெடுப்பது என்றால், செவில்யாவில் ஒரு மீட்டர் பாதைகூட வந்திருக்காது.

பாதை வந்ததற்கு அரசியல்தான் காரணம். 2003 தேர்தலுக்குப் பிறகு சோஷலிஸ்ட் மேயர் ஆல்ஃபிரெடோ சான்செஸ் மொன்டெசெய்ரினுக்கு ஆட்சி நடத்த ஐக்கிய இடதுசாரிகளின் ஆதரவு தேவைப்பட்டது. நகரம் முழுக்க சைக்கிள் பாதை வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். 'அ கோன்ட்ராமானோ' என்ற சைக்கிள் அமைப்பும் வெகுகாலமாக இதற்காகப் போராடி வந்தது. திட்டம் வகுக்கும் பொறுப்பு மனுவேல் கால்வோ என்ற ஆலோசகரிடம் வந்தது.

முக்கியமான முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டது. இந்தத் தெருவில் அரை கிலோமீட்டர், அந்தப் பூங்காவைச் சுற்றி ஒன்று என்று துண்டு துண்டாகப் போடவில்லை. முதல் கட்டத்திலேயே சுமார் 80 கிலோமீட்டர், ஒன்றோடொன்று இணைந்த வலையாக வந்தது. செலவு சுமார் 3.2 கோடி யூரோ. வெறும் வெள்ளைக்கோடு கிழித்துவிட்டுப் போகவும் இல்லை. பெரும்பாலான இடங்களில் கார் நிறுத்தும் வரிசையை எடுத்துவிட்டு, பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, பச்சை வண்ணம் பூசினார்கள். போக ஒரு தடம், வர ஒரு தடம். சுமார் 5,000 கார்கள் நிற்கும் இடம் இதற்காகப் போனது. எந்த ஊரிலும் கைவைக்கத் தயங்கும் இடம் அது. அங்கே கைவைத்ததைத்தான் நான் பெரிய துணிச்சலாக மதிக்கிறேன்.

2007-இல் 'செவிசி' என்ற பொது வாடகை சைக்கிளும் வந்தது. சில ஆண்டுகளிலேயே சைக்கிளின் பங்கு சுமார் 6 சதவீதத்தை எட்டியது. ஒரு நாளைக்குச் சில ஆயிரமாக இருந்த பயணங்கள் 70,000 அளவுக்கு உயர்ந்தன.

இத்தனை பேரும் எங்கிருந்து வந்தார்கள்? அதே ஊரில்தான் இருந்தார்கள். பஸ் ஏறிக்கொண்டும், கார் எடுத்துக்கொண்டும், வீட்டிலேயே இருந்துகொண்டும். லாரிக்குப் பக்கத்தில் ஓட்டத் துணிந்த சிலர் மட்டுமே அதுவரை கணக்கில் வந்தார்கள். பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் போக நினைக்கும் தாய்க்கும், அறுபது வயதுக்காரருக்கும் பாதை பத்திரமாக இருந்தால் போதாது. போகும் இடம் வரை அறுபடாமலும் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு சந்திப்பில் பாதை அறுந்தால்கூட அவர்கள் கிளம்பவே மாட்டார்கள்.

2011-இல் ஆட்சி மாறியது. புதிய பாதைகள் போடும் வேகம் தளர்ந்தது. சைக்கிள் பயணங்களும் மேலே ஏறாமல் நின்று, சற்று இறங்கவும் செய்தன. வெயில் அப்படியேதான் இருந்தது, மக்களும் அதே மக்கள்தான்.

உங்கள் ஊரில் சாலை விரிவாக்கத் திட்டம் வந்தால் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சைக்கிள் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பள்ளிக்கூடம் வரை, பஸ் நிலையம் வரை போகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் அறுந்திருந்தால் எழுத்துமூலமாக ஆட்சேபம் கொடுங்கள்.

(தொடரும்)